கேட்டவள் இல்லை என்றார்கள்

இன்று காலை அலுவலகத்தைக் கூட்ட வரும் அக்கா, கதவுக்குப் பின்னால் தொங்கிய மழைக்கோட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, "இது யாருதுங்க? எறிஞ்சிரலாங்களா?" என்று கேட்டார். உன் கோட்டு. பாலக்காட்டை அடுத்த இந்தக் கஞ்சிக்கோட்டில் அடிக்கிற கணவாய்க் காற்றில் எல்லாம் இரண்டே நாளில் காய்ந்துவிடும். உன் கோட்டில் மட்டும் இன்னும் டீசலும் நனைந்த தார்ப்பாயும் மணத்தது. ஜீப்பின் பின்சீட்டு மணம். வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டேன். அந்த அக்கா பயந்துவிட்டார். அவர்மேல் ஒரு தப்பும் இல்லை. கேட்டுவிட்டு எறியலாம் என்று நினைத்தவர் அந்த மாடியிலேயே அவர் ஒருவர்தான்.

எனக்குக் கோபமாக இருக்கிறது. நீ போனதிலிருந்தே கோபம்தான். உன்னை நினைத்து உட்கார்ந்து அழுகிறவர்களைப் பார்த்தால் பொறாமையாகக்கூட இருக்கிறது. எனக்கு அழுகை வர மாட்டேன் என்கிறது, பல்லைக் கடிக்கத்தான் வருகிறது. யார்மேல் என்று கேட்பாய். இந்த நிறுவனத்தின்மேல், மேனேஜர்மேல், அந்த விடுதிக்காரர்கள்மேல். உன்மேலும்தான். உன்மேல் எவ்வளவு என்று கடைசியில் சொல்கிறேன்.

கல்லூரி விடுதியில் நாம் சேர்ந்த முதல் வாரம், நான் அப்பாவிடம் போனில், "சனிக்கிழமை ஊட்டுக்கு வந்துருவனுங்க" என்று சொன்னதைக் கேட்டுவிட்டு நீ கட்டிலில் விழுந்து சிரித்தாய். "பெத்த அப்பாவுக்கே 'ங்க' போடுதியே, நாளைக்கு மேனேஜருக்கு எத்தன போடுவ?" பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்துக்காரி நான், மூணாறுக்கு மேலே தேயிலை எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில் பிறந்தவள் நீ. நீ பேசினால் சண்டை போடுகிற மாதிரியே இருக்கும். உண்மையில் சண்டைக்காரி நான்தான் என்பது உனக்குச் சீக்கிரமே தெரிந்துவிட்டது. படிப்பு முடிந்து இரண்டு பேரும் இதே நிறுவனத்தில் சேர்ந்தோம். வாடிக்கையாளருக்கு என்ன வேண்டும் என்று கேட்டு எழுதி, மென்பொருள் எழுதுகிறவர்களிடம் கொடுப்பது நம் வேலை. கேட்பதெல்லாம் ஒரு வேலையா என்று என் வீட்டில் கேட்டார்கள்.

கொழிஞ்சாம்பாறை அரிசி ஆலைக்காரரை நினைவிருக்கிறதா? நம் முதல் வாடிக்கையாளர். ஆலைக்குப் போன நம்மை வீட்டுக்கே கூட்டிப்போய் உட்கார வைத்து, இட்லியும் கோழிக்குழம்பும் போட்டு, நான் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் "ஆகட்டுங்க, ஆகட்டுங்க" என்றார். நெல் வரத்துக்குத் தனித் திரை வேண்டுமா? ஆகட்டுங்க. மூட்டைக்கு மூட்டை சீட்டு ஒட்டலாமா? ஆகட்டுங்க. நான் ஆசை ஆசையாகத் தட்டிக்கொண்டேன். எல்லாம் செய்து முடித்துக் கொண்டுபோய்க் காட்டியபோது, முகம் கோணாமல், "நல்லாத்தானுங்க இருக்குது. நாங்க பழையபடியே பார்த்துக்கறமுங்க" என்றார். பஸ் நிறுத்தத்தில் நின்று நான் அவரை வைதேன். நீ கடலை கொறித்துக்கொண்டே கேட்டுவிட்டு, "ஊட்டுக்கு வந்த புள்ளைக்குச் சோத்தப் போட்டுட்டு, நீ சொல்லுதது எனக்கு வேண்டாம்னு மொகத்துக்கு நேரா சொல்லுவாராட்டி? ஒங்க ஊர்க்காரர்தான, ஒனக்கே தெரியாதா?" என்றாய்.

அன்றைக்குத்தான் நீ உன் வழியைக் கண்டுபிடித்தாய். "இனிமே வேணுமான்னு கேக்கக் கூடாது. தப்பா ஒண்ணு சொல்லணும். நம்ம ஆளுங்க எத வேணா பொறுத்துக்கிடுவாங்க, அவங்க வேலைய நாம தப்பாச் சொன்னா மட்டும் பொறுக்க மாட்டாங்க." எனக்கு அது கிறுக்குத்தனமாகப் பட்டது. மேனேஜருக்கும் அப்படித்தான். வரிசையாகக் கேள்வி அச்சடித்த படிவம் ஒன்று இருக்கிறது, அதை மின்னஞ்சலில் அனுப்பினால் போதாதா என்றார். நீ சரி சார் என்றாய், அனுப்பினாய், பிறகு பஸ் ஏறிப் போனாய்.

அப்போதுதான் ஜீப் வேலை வந்தது. மூணாறில் விடுதிகள் நடத்துகிற ஒரு நிறுவனத்துக்கு, சுற்றுலாப் பயணிகள் கைப்பேசியிலேயே ஜீப் சவாரியைப் பதிவுசெய்ய ஒரு செயலி வேண்டும். ஓட்டுநர்களிடம் கேட்க வேண்டுமே என்றோம். விடுதியின் பெரிய ஹாலுக்கே அவர்களை வரவழைத்துவிட்டார்கள். குளிர்சாதனம், பட்டு உறை போட்ட நாற்காலி, டீ, முட்டை பப்ஸ். விடுதிக்காரர் நடுவில் உட்கார்ந்திருந்தார். ஓட்டுநர்கள் சுவரோரமாக நின்றார்கள். ஏதாவது சொல்ல வேண்டுமா என்று நான் கேட்டதற்கு, "எல்லாம் ஓகேம்மா, நல்லாருக்கு" என்று ஒரே குரலில் சொன்னார்கள். திரும்பும்போது, "வேலை சீக்கிரம் முடிஞ்சிருச்சு பாரு" என்று நான் சொன்னேன். நீ, "அவங்க நம்மகிட்டயா பேசுனாங்க? ட்ரிப்பு குடுக்கிற மொதலாளி நடுவுல உக்காந்திருக்காரு. அவர்கிட்டதான் பேசுனாங்க" என்றாய்.

மறுநாள் என்னையும் இழுத்துக்கொண்டு ஜீப் ஸ்டாண்டுக்குப் போனாய். எஸ்டேட் முக்கில் சாய்வான இடம், மழை தூறிக்கொண்டிருந்தது. ஜீப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. முதல் ஜீப்பில் சாய்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்த மரியதாஸ் அண்ணனிடம், ஊருக்கே கேட்கிற மாதிரி, "காலைல மொத வர்ற வண்டிக்கு மொத ட்ரிப்பு, வராத வண்டிக்கு ட்ரிப்பு கெடையாது. அம்புட்டுத்தான ஒங்க கணக்கு?" என்றாய்.

"யாரு சொன்னா?" என்று அவர் பீடியைக் கீழே போட்டார். நாலு பக்கமிருந்தும் ஆட்கள் இறங்கி வந்துவிட்டார்கள்.

"வண்டி வரலன்னா என்ன? எடம் வரும்லா!"

அவர்கள் கத்திக் கத்தி விளக்கியது இதுதான். ஒரு வீட்டில் துட்டி, அதாவது சாவு, விழுந்தால், அல்லது யாராவது ஆஸ்பத்திரியில் கிடந்தால், அந்த வீட்டு ஜீப் ஸ்டாண்டுக்கு வரத் தேவையில்லை. வரிசையில் அதற்கு உண்டான இடம் மற்ற வண்டிகளோடு சேர்ந்து நகர்ந்துகொண்டே இருக்கும். முன்னுக்கு வந்ததும், பின்னால் நிற்கிறவர் தன் வண்டியில் அந்தச் சவாரியை ஓட்டி, டீசல் போக மீதியை அந்த வீட்டில் கொடுத்துவிட்டு, அப்புறம்தான் தன் முறையை ஓட்டுவார். இதை யாரும் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. அதற்காக அவர்களைப் புனிதர்கள் ஆக்கிவிடாதே என்று நீயே என்னிடம் சொன்னாய். மாமியாருக்கு மூச்சுத் திணறல் என்று சொல்லிவிட்டு ஒருவர் வீட்டில் படுத்துக்கொண்டாராம். பிரெட்டும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு நலம் விசாரிக்கப் போனவர்கள், வழியிலேயே மாமியார் கொழுந்து கிள்ளிக்கொண்டிருப்பதைப் பார்த்தார்களாம். அதைச் சொல்லும்போது, சம்பந்தப்பட்ட ஆளே கூட நின்று சிரித்தார். அன்றைக்கிலிருந்து ஆஸ்பத்திரி என்றால் பிரெட்டோடு இரண்டு பேர் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தால்தான் இடம் நிற்கும்.

நீ அதை அப்படியே தேவைப் பட்டியலில் எழுதினாய். வண்டி வராவிட்டாலும் வரிசையில் அதன் இடம் நிற்க வேண்டும். காரணம் சரியா இல்லையா என்பதை ஸ்டாண்டே முடிவு செய்யும். விடுதிக்காரர்கள் முகம் சுளித்தார்கள். அவர்கள் செயலியில் கணக்கு வேறு: கைப்பேசி அடிக்கும், அரை நிமிடத்துக்குள் ஓட்டுநர் ஏற்க வேண்டும், ஏற்காவிட்டால் வரிசையில் கடைசிக்குப் போக வேண்டும், அப்படியே தொடர்ந்தால் கணக்குப் பூட்டப்படும். நீ விடவில்லை. பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சி, உடுமலை, மறையூர் வழியாக மாதத்தில் பாதி நாள் பஸ்ஸில் போய் வந்தாய். சட்டைப் பையில் எப்போதும் மாத்திரை அட்டை. என்ன மாத்திரை என்று கேட்டால், "பஸ்ல வாந்தி வருது, அதுக்கு" என்பாய்.

வாந்திக்கு இல்லை அது. வயிற்றுவலியை அத்தனை மாதம் அந்த மாத்திரையைப் போட்டு அமுக்கி வைத்திருந்தாய். கோட்டயம் ஆஸ்பத்திரியில் பார்த்துச் சொன்னபோது எல்லாம் கைமீறிவிட்டது. வாயைப் பிடுங்கி எல்லோருடைய சிரமத்தையும் வெளியே கொண்டுவரத் தெரிந்த உனக்கு, உன் வலியை என்னிடம் சொல்ல வாய் வரவில்லை. பக்கத்து நாற்காலியில்தானே இருந்தேன்?

நீ விடுப்பு போட்டாய். ஒரு மாதம்கூட ஆகவில்லை, உன் வேலையை வேறு ஒருவருக்குக் கொடுத்தார்கள். அடுத்து உன் கடவுச்சொல்லை நிறுத்தினார்கள். பாதுகாப்புக் காரணம் என்றார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்துகொண்டு நீ கைப்பேசியில் தட்டித் தட்டிப் பார்த்தாய். உள்ளே விட மாட்டேன் என்றது. நான் கொதித்தேன். மேனேஜரை இப்போதே கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்கிறேன் என்றேன். நீ என் கையைப் பிடித்து, "விடுட்டி. அவங்களுக்கு ப்ராஜெக்ட் ஓடணும்லா" என்றாய். முன்பின் தெரியாத ஓட்டுநர்களின் இடத்துக்காக அத்தனை பஸ் ஏறினவள் நீ. உன் இடம் போனபோது 'விடு' என்றாய். அந்த ஒரு சொல்லை என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

உன்னை அடக்கம் செய்த அன்று, ஸ்டாண்டே எஸ்டேட் தேவாலயத்துக்கு வந்திருந்தது. அன்றைக்குச் சவாரி எதுவும் ஓடவில்லை. மெயின் ரோட்டிலிருந்து ஆட்களை மேலே ஏற்றி வருவதும் இறக்கிவிடுவதுமாக இருந்தார்கள். நம் நிறுவனத்திலிருந்து ஒரு மலர்வளையம் வந்தது. அந்த வாரமே உன் அம்மாவுக்கு ஒரு போனும் வந்தது, லேப்டாப்பையும் பையையும் எப்போது திருப்பித் தருவீர்கள் என்று. உன் அம்மாவுக்கு எது நிறுவனத்துடையது, எது உன்னுடையது என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் கட்டிலில் எடுத்து வைத்திருந்தார். நானே போய் வாங்கி வந்தேன். கொடுக்கும்போது லேப்டாப்பின் மேல்மூடியைச் சேலைத் தலைப்பால் துடைத்துக் கொடுத்தார்.

அதற்குப் பிறகும் நான் அங்கேயேதான் வேலை செய்கிறேன். காறித் துப்பிவிட்டு வெளியே வந்திருக்க வேண்டாமா என்று கேட்காதே. அப்பாவுக்குக் கண் அறுவைச் சிகிச்சை இருந்தது. போகட்டும்.

சென்ற மாதம் அந்த ஸ்டாண்டில் செயலியைச் சோதனையாக ஓடவிட்டார்கள். நீ எழுதிய அந்தத் தேவையை மட்டும் இன்னும் சேர்க்கவில்லை. பட்டியலில் அது அப்படியே கிடந்தது. போன வியாழக்கிழமை பட்டியலைச் சரிபார்க்கும் கூட்டம். உன் வரி வந்ததும் மேனேஜர் நிறுத்தினார். "இது யாரு கேட்ட ரெக்வயர்மென்ட்?" ஒவ்வொரு தேவைக்கும் எதிரே கேட்டவர் பெயர் என்று ஒரு கட்டம் உண்டல்லவா? அதில் உன் பெயர் இருந்தது. பக்கத்திலேயே கணினி தானாக 'பணியில் இல்லை' என்று போட்டிருந்தது.

"அவங்க இப்ப இல்லையே. அப்ப எடுத்துடலாம், இல்லீங்களா?" என்றார்.

திரையில் இருந்த விடுதிக்காரர் தலையாட்டினார். "டிரைவர்ஸ் யாரும் ஹால் மீட்டிங்ல இத கேக்கவே இல்லையே."

என் காது சூடேறியது. "கேட்டவங்க செத்துட்டா, கேட்டதும் செத்துப் போச்சுங்களா?" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது.

மேனேஜர் பொறுமையாகத்தான் பேசினார். அந்தப் பொறுமைதான் எனக்கு இன்னும் எரிச்சல். "சென்டிமென்ட் வேண்டாங்க. நாளைக்கு இதுல ஒரு சந்தேகம் வந்தா பதில் சொல்ல ஒரு ஆள் வேணும். அதுக்குத்தான் அந்தப் பேரு."

"நான் சொல்றனுங்க."

"அப்ப சொல்லுங்க" என்றார் விடுதிக்காரர். "வராத டிரைவரோட இடம் எவ்வளவு நாள் நிக்கும்?"

"அவரு திரும்பி வர்ற வரைக்குமுங்க."

"வரவே இல்லைன்னா?"

பட்டியலை மேலும் கீழும் தேடினேன். நீ எழுதியதில் அது இல்லை. எத்தனையோ கேள்விகளைக் கேட்டு எழுதியிருந்தாய், இந்த ஒன்று மட்டும் எங்கேயும் இல்லை. திங்கட்கிழமைக்குள் பதில் வராவிட்டால் அந்த வரியை எடுத்துவிடுவதாக முடிவு செய்து அடுத்த வரிக்குப் போய்விட்டார்கள்.

சனிக்கிழமை பஸ் ஏறினேன். மறையூர் தாண்டியதுமே மழை. ஸ்டாண்டில் இறங்கியபோது மரியதாஸ் அண்ணன் என்னைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார். அவர் வந்த வேகத்தைப் பார்த்து நான் ஓரடி பின்னால் போனேன்.

"எம் பொண்டாட்டி தேனி ஆஸ்பத்திரில மூச்சுக்கு இழுத்துக்கிட்டுக் கெடக்கா. அந்நேரம் பாத்து இந்தப் போனு, ட்ரிப்பு வேணுமா ட்ரிப்பு வேணுமான்னு அலறுது. நர்சு வைதுச்சு, அணைச்சுப் போட்டேன். இன்னைக்கு ஒரு நாளு ஓட்டலாம்னு வந்து பாத்தா, பூட்டிட்டாங்களாம். இவனுவ எனக்காக ஓட்டுதேன்னு நின்னாலும் அது விடமாட்டேங்கு. இத்தன வருசமா வண்டி ஓட்டுத நான் டிரைவரே இல்லயாம்மா?" மூச்சு வாங்கினார். பிறகு குரலை இறக்கி, "அந்தப் புள்ள எல்லாத்தயும் கேட்டுட்டுத்தானம்மா போச்சு. அப்புறம் ஏன் இப்படி?" என்றார்.

நீ என்றால் ஏதாவது தப்பாகச் சொல்லி அவர் வாயாலேயே விஷயத்தை வரவழைத்திருப்பாய். எனக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. மனைவி ஆஸ்பத்திரியில் கிடக்கிற மனிதரிடம் போய் நேராகவே கேட்டேன். "அண்ணா, போனவங்க திரும்பி வரவே இல்லைன்னா, அந்த எடம் என்னாகுமுங்க?"

கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் நனைந்த சீட்டைக் கையால் வழித்துவிட்டு என்னை உட்காரச் சொன்னார்.

"துட்டி முடியுற வரைக்கும் எடம் நிக்கும். அதுக்கப்புறம் அந்த வீட்டு ஆளு யாராவது வண்டியை எடுத்துட்டு வந்தா, அதே எடம்தான். கடைசிக்குப் போகவேண்டாம்."

"வீட்டு ஆளுன்னா யாருங்கண்ணா? மகனா, தம்பியா?"

"இன்னாருன்னு கெடையாது. மருமவன் வந்திருக்கான். கூட்டாளி வந்திருக்கான். ஒருத்தன் பொண்டாட்டியே ஓட்டிட்டு வந்தா. எடுத்துட்டு வாற ஆளுதாம்மா வீட்டு ஆளு." என் பக்கம் திரும்பினார். "ஏன், அந்தப் புள்ள இதக் கேக்கலயா?"

"கேக்கலீங்கண்ணா."

"அதுக்குக் கேக்க மனசு வந்திருக்காது" என்றார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன். உனக்குத் தெரிந்திருக்கிறது. மாத்திரை அட்டையைப் பையில் போட்டுக்கொண்டு அந்த ஸ்டாண்டில் நின்ற நாட்களிலேயே, திரும்பி வராதவர்களைப் பற்றிய கேள்வி உன் நாக்கு நுனி வரைக்கும் வந்திருக்கிறது. அதை மட்டும் விழுங்கிவிட்டாய். விழுங்கிவிட்டு, அந்த இடத்தை வெறுமையாக என் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டாய். உன்மேல் எவ்வளவு கோபம் என்று சொல்கிறேன் என்றேனே, இவ்வளவுதான். மலை இறங்கி முடிகிற வரைக்கும் உன்னை வாய்விட்டு வைதேன். பக்கத்தில் இருந்த அம்மா, நான் போனில் புருஷனோடு சண்டை போடுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, "விடும்மா, ஆம்பளங்க அப்படித்தான்" என்றார். அப்போதுதான், நீ போனபிறகு முதல்தடவையாக, அழுதேன்.

இன்று திங்கட்கிழமை. உன் மழைக்கோட்டை என் நாற்காலியில் மாட்டிவிட்டு, பட்டியலைத் திறந்து உன் வரிக்குக் கீழே மரியதாஸ் அண்ணன் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதினேன். மேனேஜர் படித்தார். விடுதிக்காரரும் படித்தார், வீட்டு ஆள் என்பதற்கு என்ன சான்று என்று கேட்டார். வண்டியை எடுத்துக்கொண்டு வருவதுதான் சான்று என்றேன். சோதனையைக் கண்காணிக்கிறவள் நான், இதைச் சேர்க்காமல் அந்த ஸ்டாண்டில் அது தொடர ஒப்புதல் தர மாட்டேன், என் வேலை போனாலும் சரி என்றும் சொன்னேன். கொஞ்ச நேரம் தங்களுக்குள் பேசினார்கள். அடுத்த மாற்றத்தில் சேர்ப்பதாக எழுத்தில் வாங்கிக்கொண்டேன். வெளியே வந்து, அந்த மாற்றம் வரும்வரை மறுபடி பூட்டிக்கொள்ளாதபடி, மரியதாஸ் அண்ணனின் கணக்கை யாரையும் கேட்காமல் நானே திறந்துவிட்டேன். அவருடைய ஜீப்பின் இடம் இப்போது வரிசையில் நிற்கிறது. அவர் தேனியில் இருக்கிறார்.

உன்னைப் போல எனக்குக் கேட்கத் தெரியாது. என் மூஞ்சியைப் பார்த்தாலே வாடிக்கையாளர்கள் பாதி விஷயத்தை மறைத்துக்கொள்கிறார்கள். அது போகப் போக வரலாம், வராமலும் போகலாம். கேட்டவர் பெயர் என்ற கட்டத்தில் உன் பெயரை அழித்துவிட்டு என் பெயரைப் போடச் சொன்னார்கள். நான் அழிக்கவில்லை. உன் பெயரோடு சேர்த்து என் பெயரை எழுதினேன். நீ விட்ட அதே இடத்தில் நிற்கிறேன், கடைசிக்குப் போகவில்லை.

கோபம் மட்டும் தீரவில்லை. அதையும் எடுத்துக்கொண்டுதான் வந்திருக்கிறேன்.